லைட் பாக்ஸ் மாடியில் இருந்தது: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்ட முதலாளி, மேனேஜர் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், தெரு, பையர் (ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்) யார் என்பது எதுவும் இதில் இருக்காது. நான் ஏற்றுமதி கம்பெனிகளில் பல வருடம் புரொடக்‌ஷன் பார்த்துவிட்டு, இப்போது சின்ன யூனிட்டுகளுக்கு லைன் திட்டம், அதாவது தையல் மெஷின்களை எந்த வரிசையில் போட்டு யாருக்கு எந்த வேலை என்பது, போட்டுக் கொடுப்பவன். இந்த விஷயத்தில் நான் செய்த தப்பும் இருக்கிறது, அதையும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அப்பா 1980களில் வாடகை லைன் வீட்டில் நாலு மெஷின் போட்டு உள்நாட்டு பனியன் அடித்து ஆரம்பித்த கம்பெனி. மகன் இன்ஜினியரிங் படித்துவிட்டு 2002ல் உள்ளே வந்தார், ஏற்றுமதிக்கு மாற்றினார். நான் போன 2023 ஜனவரியில் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே கட்டடத்தில், ஆட்கள் தொண்ணூறு பேர். நிட்டிங்கும் டையிங்கும் வெளியே கொடுத்துச் செய்வது. முதலாளிக்கு நாற்பத்தைந்து வயது. அப்பா தினமும் பத்து மணிக்கு வந்து கேட் பக்கத்தில் மர நாற்காலியில் உட்காருவார். சனிக்கிழமை வாரச் சம்பளம் அவர் கையால்தான்.

மேனேஜர் அப்பா காலத்தில் பத்தொன்பது வயதில் டெய்லராகச் சேர்ந்தவர். முதலாளி இவரை 'அண்ணா' என்பார். இவர் ஆட்கள் முன்னால் 'முதலாளி' என்பார், தனியாக இருந்தால் 'தம்பி'. இதை ஏன் சொல்கிறேன் என்றால் பின்னால் நடந்த சண்டையில் இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில்தான் எல்லாம் சிக்கியது.

2022 இந்த ஊருக்கு மோசமான வருடம். நூல் விலை ஏறிக்கொண்டே போய், மே மாதம் 16, 17 தேதிகளில் ஊரே இரண்டு நாள் கடையடைத்துப் போராடியது. முன்பே ரேட் பேசி வாங்கிய ஆர்டரில் கையைக் கடித்துக்கொண்டவர்களில் இவரும் ஒருவர். அந்த நஷ்டத்துக்கு அப்புறம் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது என்று அவரே சொன்னார். யாரோ நண்பர் சொல்லி கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் தன்னம்பிக்கைப் பயிற்சிக்குப் போனார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஆன்லைனில் ஒன்று.

ஊக்கத்தோடு மூன்று மாதம்

முதல் பயிற்சியில் ஒரு மரப்பலகையில் உங்கள் தடையை எழுதுங்கள் என்று சொல்லி, கையாலேயே உடைக்க வைத்திருக்கிறார்கள். இவர் எழுதியது 'பயம்'. உடைந்த துண்டை மேஜை மேலேயே வைத்திருந்தார். 'பய' ஒரு பாதியில், 'ம்' இன்னொரு பாதியில்.

அதிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுவது, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பது, இலக்கை நோட்டில் பத்து முறை எழுதுவது. தையல் ஹாலில் வாசகங்கள் ஒட்டினார். காலை எட்டரைக்கு எல்லாரையும் நிற்கவைத்து ஐந்து நிமிடம் பேச்சு, கடைசியில் கைதட்டல். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, பனியனுக்குக் கை வைத்துத் தைக்கிற ஒரு அக்கா என்னிடம் சொன்னது: "கைதட்டுற நேரத்துல ஒரு டஜன் கை ஏத்தியிருப்பேனுங்க."

பயிற்சியையே குறை சொல்ல வரவில்லை. ஆறு மாதமாகப் படுத்துக் கிடந்த மனுஷனை அது எழுப்பி உட்கார வைத்தது, அது உண்மை. ஆனால் எழுந்தவர் என்ன செய்தார் என்று பாருங்கள். முன்பு ஒன்பதரைக்கு வந்தவர் எட்டு மணிக்கு வர ஆரம்பித்தார், ஒவ்வொரு மெஷினாகப் போய் நின்றார், முன்பு கேட்காமல் விட்டதையெல்லாம் இப்போது கேட்டார். லைன் உற்பத்தி கூடவில்லை, குறைந்தது. என்னைக் கூப்பிட்டதே அதற்குத்தான். "ஆளுங்களுக்கு மோட்டிவேஷன் பத்தலைங்க, லைன் பேலன்ஸும் சரியில்லை, ரெண்டையும் பாருங்க" என்றார்.

கவனித்தது

லைனைப் பார்த்தேன். பேலன்ஸில், அதாவது ஆளுக்கு ஆள் வேலையைப் பங்கு வைத்ததில், சின்னச் சின்னக் கோளாறு இருந்தது, ஆனால் மெஷின்கள் நின்ற நேரத்துக்கு அது காரணம் இல்லை. மூன்றாவது நாள் ஒரு ஃப்ளாட்லாக் மெஷின் நின்றது, அதற்குப் பின்னால் ஒன்பது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கேட்டால் ஊசி தீர்ந்துவிட்டது. கடை இரண்டு தெரு தள்ளி. ஏன் போகவில்லை என்றால், முதலாளி மாடியில் பையிங் ஆபீஸோடு (பையருக்காக இங்கே ஆர்டரைக் கவனிக்கிற ஆபீஸ்) போனில் இருக்கிறார், அவர் வந்து சொன்னால்தான் காசு. ஒரு பாக்கெட் ஊசிக்கு முப்பத்தைந்து நிமிடம்.

அன்றைக்கே ஒரு நீள நோட்டு வாங்கி, முதலாளி மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பிப்ரவரியில் ஆறு வேலை நாள். அவரிடம் யார் எதைக் கேட்டாலும், நேரிலோ போனிலோ, நேரத்தோடு எழுதினேன். கேட்டவரைப் பிடிக்க முடிந்தபோதெல்லாம் வெளியே வைத்து ஒரே ஒரு கேள்வி: "முதலாளி இன்னிக்கு ஊர்ல இல்லைன்னா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

ஆறு நாளில் 388 கேள்விகள், அதாவது ஒரு நாளைக்கு 64க்கும் மேல். வெளியே பிடித்துக் கேட்க முடிந்தது 210 முறை. அதில் 163 முறை அவர்கள் சொன்ன பதிலும் முதலாளி சொன்ன பதிலும் ஒன்றுதான். பாலிபேக் எந்த சைஸ், டீக்கடைக்காரருக்கு இந்த வாரமா அடுத்த வாரமா, லீவு கேட்கிற ஹெல்பருக்குக் கொடுக்கலாமா, கட்டிங் வேஸ்டை இன்றைக்கே ஏற்றலாமா.

நோட்டைக் காட்டியதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார், அப்புறம் கொஞ்சம் பெருமையாகவே, "பாருங்க, எல்லாத்துக்கும் நான் வேண்டியிருக்கு" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இவருக்கு ஊக்கம் குறைச்சலே இல்லை, கூடிப்போன ஊக்கம்தான் லைனை நிறுத்திக்கொண்டிருந்தது. 2022ல் ஒரு பெரிய முடிவு தப்பாகப் போனதில் அடிபட்டவர், அதற்குப் பதிலாகத் தப்பே வராத சின்ன முடிவுகளை நாள் முழுக்க எடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு நிம்மதி இருந்திருக்கும் போல. பெரிய முடிவு, அதாவது அடுத்த சீசனுக்கு எந்த பையர், என்ன ரேட், நூலை எப்போது புக் செய்வது, இதெல்லாம் ராத்திரி பத்து மணிக்குக் களைத்துப்போன தலையோடு.

இன்னொன்றையும் நோட்டில் எழுதியிருந்தேன், ஆனால் அதற்கு உரிய கவனம் கொடுக்கவில்லை. மகன் சொன்ன 11 முடிவுகளை அப்பா கேட் பக்கத்தில் உட்கார்ந்தபடியே மாற்றியிருந்தார்.

எடுத்த முடிவுகள்

மார்ச் முதல் வாரம் நான்கு மாற்றம், நான்கும் ஒரே வாரத்தில்.

மேனேஜர் கையில் ஒரு காசுப் பெட்டி. 3,000 ரூபாய் வரைக்கும் யாரையும் கேட்க வேண்டாம், சனிக்கிழமை பில்லைக் காட்டினால் போதும். இது ஊசிக்காக.

காலை பதினொரு மணி வரைக்கும் முதலாளி ஹாலுக்கு வரக் கூடாது, மாடியில் உட்கார்ந்து காஸ்டிங், பையர் மெயில், நூல் விலை மட்டும். பதினொன்று என்று வைத்ததற்குக் காரணம் நோட்டுதான். ஒரு நாள் கேள்விகளில் பாதிக்கு மேல் எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவில் வந்தன. அந்த நேரத்தில் அவர் கண்ணில் படாமல் இருந்தாலே பாதி தானாகத் தீரும் என்பது என் கணக்கு.

மூன்றாவது, யார் வந்து கேட்டாலும் பதிலுக்கு முன்னால் "நீங்க என்னண்ணா நெனைக்கிறீங்க?" என்று கேட்பது. நான்காவது, காலைப் பேச்சை நிறுத்துவது. இதற்குத்தான் ரொம்ப யோசித்தார். ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்லாமல் இருந்து மறுநாள்தான் சரி என்றார்.

முதல் இரண்டு வாரம் வேடிக்கையாகப் போனது. பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே மாடிப்படியில் நிற்பார். "கீழ மெஷின் சத்தம் கேக்குது, நான் மேல உக்காந்து என்னத்தைப் பண்றது, எனக்கே நான் வேண்டாத ஆளு மாதிரி இருக்குதுங்க" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் முகம் சிரிக்கவில்லை. பலகை உடைத்தபோது எழுதியிருக்க வேண்டிய வார்த்தை இதுவாக இருந்திருக்கலாம்.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முதலாளி ஹாலுக்கு வராததைப் பார்த்து, கம்பெனியை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. இன்னொரு கோஷ்டி அவருக்கு உடம்புக்கு ஏதோ என்றது. இரண்டு டெய்லர்கள் பி.எஃப். பணம் எடுப்பது எப்படி என்று ஆபீஸில் வந்து கேட்டார்கள். மாற்றத்தை எங்கள் மூன்று பேருக்குள் பேசி வைத்துக்கொண்டோமே தவிர, ஹாலில் இருந்த தொண்ணூறு பேருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் கடைசியில் மறுபடி ஒரு வாரம் எண்ணினேன். ஒரு நாளைக்கு 41. நல்லாத்தான் போகிறது என்று நினைத்தேன்.

மே மாதம்: ரிப் துணி

நேவி ப்ளூ ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 6,000 பீஸ், தூத்துக்குடியிலிருந்து கன்டெய்னர். பாடித் துணி ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையில், சாயம் போட்டு வந்தது. கழுத்துக்கான ரிப் (இழுத்தால் விரிகிற பட்டைத் துணி) கொஞ்சம் பற்றாமல் போய், இரண்டாவது லாட்டில் போட்டு வாங்கினார்கள். இரண்டு லாட் என்றாலே ஷேட், அதாவது நிறச் சாயல், மாறும் அபாயம் உண்டு. அதுவும் நேவி மாதிரி அடர்த்தியான கலரில் டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். அதற்குத்தான் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி ஏற்றுமதி கம்பெனிகளில் பொதுவாக இருக்கும், ஸ்விட்சை மாற்றினால் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று ஒவ்வொன்றிலும் துணியை வைத்துப் பார்க்கலாம்.

இந்தக் கம்பெனியின் லைட் பாக்ஸ் மாடியில் முதலாளி ரூமில் இருந்தது.

மேனேஜருக்கு ரிப் வந்தது காலை ஒன்பதே காலுக்கு. பதினொரு மணி வரைக்கும் மாடிக்குப் போகக் கூடாது என்பது நடைமுறை. லைன் ரிப்புக்காகக் காத்திருக்கிறது. நிறுத்தினால் 'இதுக்குக்கூட என்னைக் கேக்கணுமா' என்று வரும். ஜன்னல் ஓரம் போய்த் துணியைப் பிடித்துப் பார்த்தார், மேகமூட்டமான நாள், ஒத்துப்போவது மாதிரி இருந்தது, போடச் சொல்லிவிட்டார்.

பையரின் க்யூ.சி. (தரம் சோதிப்பவர்) வந்து பார்த்தபோது 1,800 பீஸில் கழுத்து தனியாகத் தெரிந்தது, ஃபெயில் போட்டுவிட்டார்.

முதலாளி கீழே இறங்கி வந்தார். கத்தவில்லை. செக்கிங் டேபிள் பக்கத்தில், நாற்பது பேர் பார்க்க, "உங்களை நம்பி விட்டதுக்கு இதுதானுங்களா?" என்றார். அந்த 'ங்களா' இருக்கிறதே, கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு அது புரியும். மரியாதைச் சொல்லை வைத்தே ஆளை வெளியே நிறுத்தலாம். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. காசுப் பெட்டிச் சாவியை டேபிளில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து எட்டு மணிக்கு முதலாளி ஹாலில். 1,800 பீஸிலும் ரிப்பை வெட்டி எடுத்து, புது ரிப் வாங்கி மறுபடி ஏற்றினார்கள். கழுத்து அரை சென்டிமீட்டர் பெரிதானதை பையர் பேசி ஒப்புக்கொண்டார். இரண்டு ராத்திரி வேலை, ஐம்பதாயிரத்துக்கு மேல் செலவு. கப்பலைப் பிடித்துவிட்டார்கள். தவறியிருந்தால் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும், மொத்த ஆர்டரின் லாபமும் அதில் போயிருக்கும். அந்தக் குழப்பத்தில் ஒரு இளவயது லைன் சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் திரும்ப வரவில்லை.

கேள்விக் கணக்கு? நான் எண்ணவில்லை. எண்ணுகிற நிலையில் யாரும் இல்லை.

நாலாவது நாள்

நீங்கள் போய்ப் பேசிக் கூட்டி வாருங்கள் என்று முதலாளி என்னிடம் சொன்னார். நான் போகவில்லை, போகக் கூடாது என்று தோன்றியது. அடுத்து அப்பாவிடம் கேட்டார். அவர் நாற்காலியில் இருந்தபடியே, "நீ போடா. நான் வந்தா அவன் எனக்காக வருவான்" என்றார். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தக் கம்பெனிக்குப் போய்வருகிறேன், அவ்வளவு சரியான ஒரு யோசனையை அங்கே வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நான் உட்பட.

தனியாகத்தான் போனார். என்ன பேசினார்கள் என்று முழுக்கத் தெரியாது. இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னதில் பொதுவாக இருந்தது ஒரு வரி. மேனேஜர் சொன்னது: "திட்டுனது பரவால்ல தம்பி. லைட் பாக்ஸ் உங்க ரூம்லதான இருக்குது."

திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். எட்டரைக்கு மெஷின் போடுவதற்கு முன்னால் முதலாளி ஹாலில் நின்று, ரிப் விஷயத்தில் தப்பு தன் மேலும் இருக்கிறது, ஏற்பாடு சரியாக இல்லை, கம்பெனியை யாரும் விற்கவில்லை, காலையில் மாடியில் ஆர்டர் வேலை பார்க்கிறேன் என்றார். போனைப் பார்த்துக்கொண்டே அவசரமாகச் சொன்னார், அழகாக ஒன்றும் சொல்லவில்லை, ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கைதட்டச் சொல்லவும் இல்லை.

அன்றைக்கே லைட் பாக்ஸ் கட்டிங் டேபிள் பக்கத்துக்கு இறங்கியது. ஒரு பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டினோம்: ஷேட் சந்தேகம், அளவு பையர் கொடுத்த வித்தியாசத்தைத் தாண்டுவது, பிரிண்ட் இடம் மாறுவது, கப்பல் தேதி தள்ளுவது. இந்த நாலுக்கும் எந்த நேரமானாலும் முதலாளியைக் கூப்பிடலாம், பதினொரு மணிக் கணக்கு கிடையாது. மற்றதெல்லாம் மேனேஜர்.

2024 மார்ச்: டிராயர்

கொஞ்ச நாள் அமைதியாகப் போனது. அடுத்தது ஆடிட்டர் மூலமாக வந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு அந்த நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்திருந்தது. குறு, சிறு உற்பத்தி நிறுவனங்களுக்கு நாம் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும். கெடு தாண்டி வருடக் கடைசியிலும் பாக்கி நின்றால், அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுக்கிற வருடத்தில்தான். ஆடிட்டர் பட்டியல் கேட்டார். முதலாளி டிராயரைத் திறந்தார், டையிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரிக்காரர்களின் பில் 27 உள்ளே இருந்தது.

பாங்கில் பணம் இருந்தது. துணி எவ்வளவு எடையில் போய் எவ்வளவு எடையில் திரும்பியது என்று ஒவ்வொரு பில்லையும் தானே செலானோடு (துணி போய்வந்ததற்கான சீட்டு) ஒத்துப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தார், நேரம் கிடைக்கவில்லை. ஹாலில் விட்டுக்கொடுத்ததை மேஜைக்குள் பிடித்து வைத்திருந்தார். அந்த 27 பில்லின் மேலேதான் பாதிப் பலகை வெயிட்டாக உட்கார்ந்திருந்தது, நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அவர் மனைவி பி.காம். படித்தவர், வீட்டில் ராத்திரி கணக்கு எழுதுவது அவர்தான், ஆனால் ஆபீஸில் அவருக்கு நாற்காலி கிடையாது. செலான் ஒத்துப் பார்ப்பதை அவர் எடுத்துக்கொண்டார், புதன்கிழமை புதன்கிழமை பணம் போகும். எடைக் குறைவு பேசிக்கொண்ட சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் பில் முதலாளிக்கு வரும். இந்த மாற்றம் மட்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்தது. ஒரே ஒரு மாற்றம், அதையும் செய்யத் தெரிந்த ஆளிடம், எது தன்னிடம் திரும்பி வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிக் கொடுத்ததால் இருக்கலாம்.

என்ன ஆனது

2025 ஆகஸ்ட் 27லிருந்து இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானது. இவருக்கு ஆர்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்கா. அந்தச் சமயத்தில் ஒன்பது நாள் தொடர்ந்து கம்பெனிக்கு வரவில்லை. பையிங் ஆபீஸ், பாங்க், பழைய ஐரோப்பிய பையர் என்று அலைந்தார். அமெரிக்க ஆர்டரில் ஒன்றை விலை குறைத்துக் காப்பாற்றினார், ஒன்று போய்விட்டது, ஐரோப்பாவுக்குப் புதிதாக ஒரு சின்ன ஆர்டர் பிடித்தார். ஹால் ஓடியது. பட்டியலில் இருந்த நாலில் ஒன்றுக்காக, அளவு வித்தியாசத்துக்காக, ஒரே ஒரு தடவை மேனேஜர் போன் செய்தார்.

உற்பத்தி கூடியதா என்று கேட்பார்கள். மெஷின் சும்மா நிற்பது குறைந்தது, அதை நானே பார்த்தேன். பீஸ் கணக்கை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இடையில் ஸ்டைல் மாறியது, ஆட்கள் மாறினார்கள், எதற்கு எது காரணம் என்று பிரிக்க முடியாது. கடைசியாக எண்ணியபோது ஒரு நாளைக்கு 19 கேள்வி.

ஆள் மாறிவிட்டாரா என்றால், இல்லை. கோபம் வருகிறது. வந்தால் மாடிக்குப் போய்விடுகிறார், அவ்வளவுதான். ஐந்து மணிக்கு எழுவதை விடவில்லை, நடக்கப் போகிறாராம்.

மறுபடி செய்தால்

அப்பாவிடமிருந்து ஆரம்பிப்பேன். அவர் மாற்றிய 11 முடிவுகளும் நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தன, வயதானவர், போகட்டும் என்று விட்டேன். மகன் எதையும் கையிலிருந்து விடாததற்கு ஒரு காரணம், விட்டால் அது தனக்குக் கீழே போகாமல் அப்பாவிடம் திரும்பிப் போய்விடும் என்பது. இதை அவர் வாய்விட்டுச் சொல்ல ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நாலு மாற்றத்தை ஒரே வாரத்தில் போட மாட்டேன். காசுப் பெட்டி மட்டும் ஒரு மாதம். பணத்துக்கு எல்லை போட்ட நான் தரத்துக்கு எல்லை போடவில்லை, இத்தனை வருடம் புரொடக்‌ஷன் பார்த்தவன் முதலில் போட்டிருக்க வேண்டியது அதைத்தான். அந்த 1,800 பீஸில் எனக்கும் பங்கு உண்டு, என் ஃபீஸில் கொஞ்சம் கழித்துக்கொள்ளச் சொன்னேன், அவர் கேட்கவில்லை.

பதினொரு மணி என்று கடிகாரத்தை வைத்துக் கோடு போட்டது தப்பு. எந்த விஷயம் என்பதை வைத்துப் போட்டிருக்க வேண்டும். ஹாலில் இருப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், வதந்தி வந்த பிறகு இல்லை.

போன சூப்பர்வைசர் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் சரியாகப் பதில் இல்லை. அந்த மூன்று நாளில் அவரிடம் யாரும் பேசவில்லை. மேனேஜருக்கே இந்தக் கதி என்றால் எனக்கு என்ன என்று அவர் நினைத்திருப்பார், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவர் இடத்துக்கு எடுத்த ஆள் எட்டு மாதம்தான் இருந்தார், இப்போது அந்த லைனை மேனேஜரே பார்க்கிறார். அவருக்கு அடுத்து யார் என்று போன மாதம் கேட்டேன். பார்க்கலாங்க என்றார் முதலாளி.